நாங்கள் சண்டையே போட்டதில்லை

காதலித்த மூன்று வருஷத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. ஆபீஸில் கூட வேலை பார்க்கும் அக்காக்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுச் சச்சரவைச் சொல்லிப் புலம்பும்போது நான் இதைப் பெருமையாகச் சொல்வேன். "நீ கொடுத்து வச்சவ" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. கல்யாணத்துக்கு 38 நாள் இருக்கும்போது எல்லாம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைப் பல மாதம் பக்கத்தில் இருந்த யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தப் பெருமைதான் முதல் எச்சரிக்கை என்று யாராவது ஒருத்தர் என்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாமே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது. எனக்குச் சொல்ல ஆளில்லை. உங்களில் ஒருவருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு ஊர் தூத்துக்குடி. அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர், இப்போதும் சீசனுக்குப் போகிறார். நான் சென்னையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 2020 தொடக்கத்தில் நான் காதலித்தவர் அங்கே வந்து சேர்ந்தார். அமைதியான மனுஷன், யாரையும் தூக்கி எறிந்து பேசாதவர். பழக ஆரம்பித்த புதிதில் ஒருநாள் சாப்பிடப் போனோம். பக்கத்து மேசையில் வறுத்த மீன் வந்தது. அவர் மூக்கைச் சுளித்து, "எனக்கு இந்த வாடையே ஆகாது, உனக்கு?" என்றார். "எனக்கும் பிடிக்காது" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. சாளைக் குழம்பு வைத்த மறுநாள், பழையதுக்கு அதே குழம்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு வளர்ந்தவள் நான். அன்றிலிருந்து மூன்று வருஷம் சென்னையில் மீனைத் தொடவில்லை. ஊருக்குப் போனால் மட்டும் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, ரயில் ஏறுமுன் பல் தேய்த்துக்கொள்வேன்.

இது சின்ன விஷயம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்புக்காக ஒன்றை விட்டுக்கொடுத்தேன் என்று எனக்குள் ஒரு திருப்தி கூட இருந்தது. ஆனால் விட்டுக்கொடுப்பது என்றால் அது எதிராளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எனக்கு மீன் உசிரு, உங்களுக்காகக் குறைச்சுக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் அது விட்டுக்கொடுத்தல். நான் செய்தது ஒளித்து வைத்தது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதனால்தான் ஏமாந்து போகிறோம். எந்தப் படத்துக்குப் போகலாம், எங்கே வீடு பார்க்கலாம், என் சம்பளத்தில் எவ்வளவு அப்பாவுக்கு அனுப்பலாம் என்பது வரை எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: "உங்க இஷ்டம்."

2023 பிப்ரவரியில் எங்கள் வீட்டில் வைத்து நிச்சயதார்த்தம் நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் என் சித்தி அவர் இலைக்குப் பக்கத்தில் குனிந்து, "மாப்ள, இவளுக்கு சாளைக் குழம்புன்னா போதும், வேற ஒண்ணும் வேண்டாம். மெட்ராஸ்ல வாங்கிக் குடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. தெரியாத ஒருத்தரைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ரயிலில் திரும்பும்போது கேட்டார், "ஏன் சொல்லல?" "சும்மாதான்" என்றேன். அந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்போம். வழக்கம்போல நான் பேச்சை மாற்றினேன், அவரும் விட்டுவிட்டார்.

ஜூன் மாதம் மடிப்பாக்கத்தில் வீடு பிடித்தோம். அட்வான்ஸ் 1,20,000 ரூபாய், வாடகை 18,000. ஆடி மாசம் குடிபோகக் கூடாது என்று பால் மட்டும் முன்னாடியே காய்ச்சிவிட்டு, கேஸ் அடுப்பும் ஒரு பாயும் போட்டு வைத்திருந்தோம். ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை ஜன்னலுக்குத் திரை அளவெடுக்கப் போனோம். "என்ன கலர்?" என்று கேட்டார். "உங்க இஷ்டம்." இரண்டாவது தடவை கேட்டார். அதே பதில். மூன்றாவது தடவை, "ஒரு கலர் சொல்லேன், ஏதாவது ஒண்ணு" என்றபோது அவர் குரல் உடைந்திருந்தது. எனக்கு உள்ளே பச்சை என்று இருந்தது, வெளியே வரவில்லை. அளவு நாடாவைச் சுருட்டித் தரையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "எனக்கு உன்ன யாருன்னே தெரியல. மூணு வருஷத்துல ஒரு தடவ கூட நீ வேணாம்னு சொன்னதில்ல. நான் யாரோட வாழப் போறேன்னு பயமா இருக்கு" என்றார். அதோடு முடிந்தது. பிறகு பெரியவர்கள் பேசினார்கள், அழுதார்கள், ஏசினார்கள். ஒன்றும் மாறவில்லை.

அவர் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிப்ரவரியில் வந்த சந்தேகத்தை ஆகஸ்ட் வரை மனசுக்குள் வைத்திருந்தது அவருடைய மௌனம். எனக்கு ஒளிக்கத் தெரிந்தது போல அவருக்கும் தெரிந்திருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. ஏனென்றால் முதல் சில மாதம் நான் அவரை முழுக்க வில்லனாக்கினேன், அடுத்த சில மாதம் என்னை முழுக்கக் குற்றவாளியாக்கினேன். இரண்டிலும் உண்மையைவிட ஆத்திரம்தான் அதிகம்.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கணக்குப் பிரிவில் இருந்துகொண்டே கோட்டை விட்டவள் என்பதால் இது முக்கியம். மண்டபத்துக்குக் கொடுத்த 75,000 ரூபாய் முன்பணம் ஒரு பைசா திரும்பவில்லை. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில், கல்யாணத்துக்கு முந்தின 60 நாளுக்குள் ரத்து செய்தால் திருப்பித் தர மாட்டோம் என்று இருந்திருக்கிறது. நான் முன்பக்கம் மட்டும் பார்த்தேன். சமையல்காரர் நல்ல மனுஷன், 25,000-இல் 10,000 திருப்பிக் கொடுத்தார். போட்டோகிராஃபருக்குக் கொடுத்த 20,000 போனது, அடித்து வந்த பத்திரிகைக்கு 12,500 போனது. வீட்டுக்கு இரண்டு மாத வாடகை, அதோடு அட்வான்ஸில் ஒரு மாத வாடகையும் பெயின்ட் செலவும் பிடித்ததில் மொத்தம் 64,000. அவருடைய பழைய கடனை அடைக்க நான் அவ்வப்போது ஜிபேயில் அனுப்பிய 1,40,000-இல் 60,000 திரும்பி வந்தது, 80,000 வரவில்லை. ஐந்து பவுன் ஆரத்தை ஆத்திரத்தில் விற்றதில் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி என்று கடையில் கொடுத்தது அத்தனையும் போய் 38,000 நஷ்டம். கூட்டினால் 3,04,500 ரூபாய். இதற்காக எடுத்த தனிநபர் கடன் 3 லட்சம், 36 தவணை, மாதம் 10,253.

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது மண்டபமோ ஆரமோ இல்லை, அந்த ஜிபே பணம்தான். அனுப்பும்போது குறிப்பு எழுதுகிற கட்டத்தில் ஒரு தடவை கூட "கடன்" என்று போடவில்லை. போட்டால் அவர் மனசு நோகும் என்று விட்டேன். அது கடனா, அன்பளிப்பா, குடும்பச் செலவா என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. நின்ற பிறகு அவர் அதைப் பாதி அன்பளிப்பாக நினைத்திருந்தார், நான் முழுக்கக் கடனாக நினைத்திருந்தேன். காதலிக்கிறவர்கள் பணம் கொடுத்து வாங்குவது தப்பில்லை. ஆனால் கொடுக்கும் நேரத்திலேயே இது என்ன என்று வாயால் ஒருதரம் சொல்லிக்கொள்ளுங்கள், ஒரு வரி எழுதி வையுங்கள். அந்தப் பேச்சு கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்தைத் தாண்ட முடியாத உறவில் அதற்கு மேல் பெரிய பேச்சு எதையும் பேச முடியாது என்பது என் அனுபவம். மண்டபம், சமையல், போட்டோ எதற்கும் முன்பணம் கொடுக்கும் முன் எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுதி வாங்குங்கள். கல்யாணப் பேச்சில் அபசகுனமாக இதைக் கேட்கிறாளே என்பார்கள், கேட்டுவிடுங்கள். உறவு முறிந்த முதல் மூன்று மாதத்தில் நகை விற்பது, வேலையை விடுவது, ஊரை விட்டுப் போவது எதையும் செய்யாதீர்கள். அந்த ஆரத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று விற்றேன். அதற்குப் பிறகு தங்கம் ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரியும்.

ராத்திரிகள்தான் கொடுமை. பகலில் வவுச்சர் பார்த்துப் பொழுது போய்விடும். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும் வரை அதே பேச்சு மண்டைக்குள் ஓடும். நான் இப்படிச் சொல்லியிருந்தால், அவர் அப்படிச் சொல்லியிருப்பார். அக்டோபரில் ஒரு ராத்திரி மொட்டைமாடிக் கதவு வரை போய்விட்டேன். அங்கே நின்றபடி 14416-க்கு போன் செய்தேன். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் அது, எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். மறுமுனையில் ஒரு பெண், "இப்ப எங்க நிக்கிறீங்க?" என்று முதலில் கேட்டார். படியிறங்கி வரவைத்தார். தண்ணி குடிக்க வைத்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை, 40 நிமிஷம் கேட்டார். அந்த எண்ணைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு இல்லாவிட்டாலும் பக்கத்தில் இருக்கிறவருக்கு ஒருநாள் தேவைப்படலாம்.

அறையில் தனியாக இருக்கப் பயந்து சனிக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். வெளிச்சம் இருக்கும், ஆட்கள் இருப்பார்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். படிக்கப் போகவில்லை, உட்காரப் போனேன். தத்துவப் புத்தகம் இருந்த பக்கம் கூட்டம் குறைவு, அதனால் அங்கே உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் கைக்கு வந்ததை எடுத்துப் புரட்ட, அதிலிருந்து மற்றது. நான் தத்துவம் படித்தவள் இல்லை. வலிக்கிற இடத்தில் எது பட்டதோ அதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

முதலில் பட்டது ஸ்தாந்தால் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1822-இல் காதலைப் பற்றிப் போட்ட புத்தகம். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் உப்புச் சுரங்கம் உண்டு. இலை உதிர்ந்த ஒரு கொப்பை அந்தச் சுரங்கத்தின் அடியில் போட்டுவிட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து எடுத்தால், பொடிக் கிளை வரைக்கும் வைரம் பதித்தது போல உப்பு ஏறி மின்னும். பழைய கொப்பு எதுவென்றே அடையாளம் தெரியாது. காதலிக்கிற மனசு தான் விரும்பியவர் மேல் இப்படித்தான் அழகை ஏற்றிக்கொண்டே போகிறது என்கிறார் அவர். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் அந்தக் கொப்பு என் கையில் இருந்திருக்கிறது.

எனக்கு எட்டு ஒன்பது வயசிருக்கும். முழுப்பரீட்சை லீவில் அப்பாவோடு அளத்துக்குப் போவேன். பாத்தி ஓரத்தில் கிடந்த உடைமுள் குச்சி ஒன்றைத் தண்ணிக்குள் குத்தி வைத்தேன். சித்திரை வெயிலில் ஒரு வாரத்தில் அதில் உப்பு ஏறியது. முள் நுனி ஒவ்வொன்றிலும் ஒரு கனசதுரம், சதுரத்தின் மேல் இன்னொரு சதுரம், வெயிலில் பிடித்தால் கண் கூசும். வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படி மாடத்தில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். ஐப்பசி பிறந்து காற்றில் ஈரம் ஏறியதும் அது தண்ணி விட்டது. மாடத்தின் சுவரில் வெள்ளைக் கோடு கோடாக வழிந்தது. கார்த்திகை மழைக்குள் முள் குச்சி மட்டும் மிச்சம். நான் அழுதேன். அப்பா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, முள்ளு புதுசாவா வந்துச்சு? உள்ளயேதான இருந்துச்சு" என்றார்.

ஸ்தாந்தால் சொன்னதில் எனக்குப் பாதிதான் பொருந்தியது. நான் காதலித்தவர் மேல் கொஞ்சம் உப்பு ஏற்றினேன், உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய காரியம், என் மேல் நானே ஏற்றிக்கொண்டது. மீன் பிடிக்காத பெண், கோபமே வராத பெண், எதற்கும் சரி என்கிற பெண். அவர் விரும்பியது அந்தப் பளபளப்பை. உள்ளே இருந்த முள்ளை அவருக்கு நான் காட்டவே இல்லை. பிறகு அவர் என்னை நேசித்தார் என்று நான் நம்புவதற்கு என்ன ஆதாரம்? மூன்று வருஷம் அவர் பிரியமாக இருந்தபோதெல்லாம் எனக்குள் ஒரு மூலை நடுங்கிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அதுதான். நம்மை ஒளித்துவிட்டு வாங்குகிற பிரியம் நம் பேருக்கு வந்து சேர்வதில்லை.

அடுத்து அரிஸ்டாட்டில். அறவியல் பற்றி அவர் எழுதியது பத்துப் பகுதி, அதில் எட்டாவதும் ஒன்பதாவதும் முழுக்க நட்பைப் பற்றி. கணவன் மனைவி உறவையும் அவர் அதற்குள்தான் வைத்துப் பேசுகிறார். பயனுக்காக ஒட்டுவது, இன்பத்துக்காக ஒட்டுவது, ஆளின் குணத்துக்காக ஒட்டுவது என்று மூன்றாகப் பிரிக்கிறார். மூன்றாவது அபூர்வம், காலம் பிடிக்கும், சேர்ந்து உப்புத் தின்னாமல் ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்று அந்தக் காலத்துப் பழமொழியைச் சொல்கிறார். நட்பாக வேண்டும் என்ற ஆசை சீக்கிரம் வந்துவிடும், நட்பு அப்படி வராது என்றும் சொல்கிறார். எங்கள் ஊரில் உப்பைத் தின்றவன் தண்ணி குடிப்பான் என்பார்கள், அது வேறு அர்த்தம். கிரேக்கத்திலும் உப்பை வைத்துத்தான் மனுஷனை அளந்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியம். மூன்று வருஷம் பழகினோமே, காலம் போதாதா என்று முதலில் கேட்டுக்கொண்டேன். காலம் இருந்தது, சேர்ந்து தின்றது உப்பில்லாத சோறு. வருஷக் கணக்கை வைத்து உறவின் ஆழத்தைக் கணக்குப் போடாதீர்கள். எத்தனை தடவை ஒருவர் மற்றவருக்குப் பிடிக்காததைச் சொல்லி, அதற்குப் பிறகும் சேர்ந்து சாப்பிட்டீர்கள் என்று பாருங்கள்.

காரணம் தேடி அலைந்ததையும் சொல்ல வேண்டும். நவம்பர் வரை அவருக்கு நீள நீளமாக மெசேஜ் அனுப்பினேன். உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள், வேறு யாராவது இருக்கிறார்களா, உங்கள் அம்மா ஏதாவது சொன்னார்களா. அவர் ஏற்கெனவே சொன்ன காரணம் எனக்குப் போதவில்லை. அந்த நாட்களில் டென்மார்க் தத்துவவாதி கீர்க்ககோரின் கதையைப் படித்தேன். ரெஜினே ஓல்சன் என்ற பெண்ணை நிச்சயம் செய்துவிட்டு 1841-இல் அவராகவே மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார். அவள் கெஞ்சினாள். அவள் தன்னை வெறுத்துவிட்டால் சுலபமாக விலகுவாள் என்று நினைத்துப் பொல்லாதவனைப் போல நடித்தார். பிறகு வாழ்நாள் முழுக்க அதைச் சுற்றியே எழுதினார். புத்தகங்களில் எல்லாம் அவருடைய வேதனையைத்தான் விரித்துப் பேசுகிறார்கள். எனக்கு ரெஜினேதான் கண்ணில் நின்றாள். அத்தனை பெரிய அறிவாளியின் அத்தனை எழுத்தும் அவளுக்கு ஒரு நேரான பதிலாக ஆகவில்லை. அவள் 1847-இல் வேறு ஒருவரை மணந்தாள், 1855-இல் கணவருக்குக் கரீபியத் தீவுகளில் ஆளுநர் பதவி கிடைத்தபோது கப்பலேறினாள், அதே வருஷம் கீர்க்ககோர் இறந்தார். தன் உடைமையெல்லாம் அவளுக்கு என்று அவர் எழுதி வைத்திருந்ததை அவள் ஏற்கவில்லை, கடிதங்களையும் தன்னுடைய சில பொருட்களையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். 1904 வரை வாழ்ந்தாள். அன்று ராத்திரி நான் அடித்து வைத்திருந்த மெசேஜை அனுப்பாமல் அழித்தேன். காரணம் கேட்பதை ஒருதரம் செய்யுங்கள், தெளிவாக, நேரில் முடிந்தால் நேரில். இரண்டாவது தடவை கேட்கும்போது நாம் காரணத்தைக் கேட்கவில்லை, அவரைத் திரும்பக் கேட்கிறோம்.

கடைசியாக வந்து சேர்ந்தது வள்ளுவரிடம். பள்ளிக்கூடத்தில் அறத்துப்பாலும் பொருட்பாலும் மனப்பாடம் செய்தோம், காமத்துப்பாலை யாரும் கற்றுத் தரவில்லை. 25 அதிகாரம், 250 குறள். அதில் கடைசி மூன்று அதிகாரமும் ஊடலைப் பற்றியவை. 1330 குறளை முடிக்கிற மனுஷன் ஏன் சண்டையில் கொண்டுவந்து முடிக்கிறார் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. 1302-ஆவது குறள்:

உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது
மிக்கற்றால் நீள விடல்.

ஊடல் உணவில் உப்பு அளவாக அமைந்த மாதிரி, அதை அளவுக்கு மேல் நீள விடுவது உப்பு கொஞ்சம் கூடிப்போன மாதிரி. நாலு குறள் தள்ளி இன்னொன்று: "துனியும் புலவியும் இல்லாயின் காமம் கனியும் கருக்காயும் அற்று." துனி என்றால் முதிர்ந்த கலாம், புலவி என்றால் இளைய கலாம் என்று உரை எழுதிய பரிமேலழகர் பிரிக்கிறார். கலாம் என்றால் சண்டை. இரண்டும் இல்லாத காதல் அளிந்த பழமும் பிஞ்சுக் காயும் போல, வாயில் வைக்க ஆகாது. நூலக மேசையில் உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் பெருமையாகச் சொல்லித் திரிந்ததைக் குறை என்று நம் பாட்டன் எப்போதோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டு அலமாரியில் அந்தப் புத்தகம் என்றைக்கும் இருந்தது.

அந்த "நீள விடல்" என்ற இரண்டு சொல்லில்தான் என் கதையின் வேர் இருந்தது. என் அம்மா கோபப்பட்டால் பேச மாட்டாள். அப்பாவோடு ஒருநாள் இரண்டு நாள் இல்லை, ஒருதரம் 11 நாள் பேசாமல் இருந்தாள். நடுவில் நான்தான் தூது. "ஒங்க அப்பாவச் சாப்பிடச் சொல்லு." "ஒங்க அம்மாட்ட சாவி எங்கன்னு கேளு." ஒரு கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நடுவில் அந்த வாக்கியங்களைச் சுமந்துகொண்டு நடப்பேன். எந்த வார்த்தையைச் சொன்னால் யார் முகம் சுருங்கும் என்று ஆறு வயசிலேயே எனக்குத் தெரியும். கோபம் வந்தால் வீடு செத்துவிடும் என்று என் உடம்பு கற்றுக்கொண்டது. அந்தப் பயத்தைத்தான் நான் அன்பு என்று பேர் மாற்றி மடிப்பாக்கம் வரை கொண்டுவந்தேன். உப்பு கூடிய வீட்டில் வளர்ந்தவள் உப்பே போடாமல் சமைத்தேன்.

இதை அறிந்துகொண்டதால் மறுநாளே மாறிவிடவில்லை. ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, மனசு வேண்டாம் என்று சொல்ல வாய் சரி என்று சொன்ன இடங்களைப் படுக்கும் முன் எழுதினேன். முதல் வாரத்தில் 23. மேனேஜர் கொடுத்த கூடுதல் வேலை, அறைத் தோழி எடுத்துப்போன சார்ஜர், காய்கறிக்காரர் எடை போட்ட சொத்தைக் கத்திரிக்காய். எழுதும்போது பக்கத்திலேயே எதற்குப் பயந்தேன் என்று இரண்டு சொல் எழுதுவேன். பெரும்பாலும் ஒரே பதில், பேச மாட்டார்கள். இதை நீங்களும் செய்து பாருங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். காட்ட வேண்டும் என்று வந்துவிட்டால் அதிலும் நல்ல பிள்ளையாக எழுத ஆரம்பித்துவிடுவோம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு சின்ன விஷயத்திலாவது உண்மையாக வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள், உங்கள் வயிறு எப்படிப் பிசைகிறது என்றும் பாருங்கள். இரண்டில் இரண்டாவதுதான் அதிகம் சொல்லித் தரும். வேண்டாம் என்ற சொல்லுக்குக் கை ஓங்குகிற, மிரட்டுகிற ஆளாக இருந்தால் இந்தப் பேச்செல்லாம் அவருக்குப் பொருந்தாது. அங்கே ஊடல் இல்லை, ஆபத்துதான் இருக்கிறது. 181 பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிட்டு விலகும் வழியைப் பாருங்கள்.

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். முந்தின டிசம்பர் 17, 18-இல் பெய்த பேய்மழையில் தூத்துக்குடியே மிதந்திருந்தது. பாத்திகள் வரப்புத் தெரியாமல் குளமாகக் கிடந்தன, குவித்து ஓலை போட்டு மூடியிருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்து பாதியாகியிருந்தன. அப்பா மண்வெட்டியோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன், மீன் கதை உட்பட. நெடுநேரம் பேசவில்லை. பிறகு அவர் பாஷையில் சொன்னார். தண்ணியின் அடர்த்தி 25 டிகிரி வந்தால் உப்பு உட்காரும். 29, 30 தாண்டும்போது மிச்சத் தண்ணியைத் திறந்துவிட்டுவிட வேண்டும். வீணாகிறதே என்று வைத்துக்கொண்டிருந்தால் அந்தக் கசப்பு உப்பில் ஏறிவிடும். "நானும் ஒங்கம்மையும் தொறந்து விடாமலே இருந்துட்டோம்ட்டி" என்றார். அப்பா அப்படி ஒன்றை ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை.

போன மாசம் அம்மா ஒரு வரன் போட்டோ அனுப்பினாள். நல்ல வேலை, நல்ல குடும்பம், பையனும் பார்க்க நன்றாகத்தான் இருந்தார். பழைய நானாக இருந்தால் "உங்க இஷ்டம்மா" என்றிருப்பேன். போன் செய்து, "இப்ப வேண்டாம்மா. கடன்ல இன்னும் அஞ்சு தவணை இருக்கு, அது முடியட்டும். அதுக்கு மேல பார்க்கும்போது நானே பேசிப் பழகிப் பார்த்துத்தான் சொல்லுவேன்" என்றேன். பேசும்போது கை நடுங்கியது. அம்மா போனை வைத்துவிட்டாள். அன்று கூப்பிடவில்லை, மறுநாளும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் நானே கூப்பிட்டேன். "கோவமாம்மா?" என்றேன். "ஆமா" என்றாள். அம்மா அதை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. பின்னால் அடுப்படியில் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது. "சாளை வந்துருக்கு, கிலோ நூத்தியிருவதுங்கான். எப்ப வார?" என்று கேட்டாள்.